பதினொரு நிமிடப் பாதுகாப்பு

குழந்தைகளுக்கு உலகத்திலேயே பாதுகாப்பான இடம் தாயின் மடி என்று சொல்பவர்கள், எங்கள் அலுவலகக் கோப்பு அலமாரியைப் பார்க்காதவர்கள். பார்த்திருந்தால் இப்படி அவசரப்பட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். மடியில் என்ன இருக்கிறது? படிவம் உண்டா? முத்திரை உண்டா? எந்தத் தாயாவது 'படித்தேன், புரிந்துகொண்டேன், கட்டுப்படுகிறேன்' என்று பத்தொன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கியிருக்கிறாளா? எங்கள் இல்லத்தில் போட்டாக வேண்டும்.

எங்கள் இல்லம் என்றால் குழந்தைகள் பகல் இல்லம். வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் தங்கள் செல்வங்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். மஞ்சள் கேட், ஒரு சறுக்கு மரம், மூன்று அறை, ஒரு கூடம், இரண்டு வயது முதல் ஆறு வயது வரை அறுபத்து நான்கு குழந்தைகள். அந்த அறுபத்து நான்கில் ஒன்று என் மகள் பெற்ற பேத்தி. நாலு வயது. ஆள் உருண்டையாக இருப்பாள். கீழே விட்டால் உருண்டோடி எந்த மேஜைக்கு அடியிலாவது போய்விடுவாள். அதனால் பட்டாணி.

நான் அங்கே 'பணியாளர் அறிமுகப் பொறுப்பாளர்'. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரித்து, சலித்து, புடைத்து, குழந்தைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சி கொடுத்து உள்ளே அனுப்புவது என் கடமை. இதற்காக நான் ஒரு கோப்பைத் தயாரித்திருக்கிறேன். நாற்பத்து மூன்று பக்கம். மற்ற நிறுவனங்களின் கோப்புகளைப் 'பார்வையிட்டு' எழுதியதுதான் என்றாலும், ஒன்பதாம் பக்கத்தில் வரும் இரண்டு வாக்கியங்கள் முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு:

'வெளியாள் எவராயினும், எத்தகைய பெருமைக்குரியவராயினும், அடையாளம் உறுதியாகும் வரை உள்ளே அனுமதிக்கக் கூடாது. விதிவிலக்குக் கேட்பவரை முதலில் விசாரிக்க வேண்டும்.'

எழுதி முடித்த அன்று எனக்கே கொஞ்சம் புல்லரித்தது. கோப்பை இயக்குநர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கனமா வந்திருக்கு சார்" என்று பாராட்டினார். திறந்து பார்த்து அதன் அழகைக் கெடுக்கவில்லை.

வேறு இடங்களில் புதுப் பணியாளருக்கு இந்த அறிமுகத்தைச் செய்து முடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்களாம். கேட்கவே பரிதாபமாக இருக்கிறது. எங்களுக்குப் பதினொரு நிமிடம். கோப்பை எடுத்து வைக்க இரண்டு. பேனா தேட மூன்று. பத்தொன்பது கையெழுத்துக்கு ஐந்து. மிச்சமுள்ள ஒரு நிமிடம், "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று நான் கேட்பதற்கும், "இல்ல சார்" என்று அவர்கள் சொல்வதற்கும்.

விசாரணை முறையும் அப்படித்தான், கச்சிதம். புதியவர் இதற்கு முன் வேலை பார்த்த இடங்களின் தொலைபேசி எண்களைத் தர வேண்டும். நாங்கள் அங்கே பேசி, ஆள் எப்படி என்று கேட்க வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்: விசாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதல் கட்டம் எனக்கு. நேர்முகத்தில் பார்த்து எடுத்த இயக்குநர் அம்மா விசாரிக்காமலா எடுத்திருப்பார் என்று நான் கையெழுத்துப் போடுவேன். நான் போட்டிருக்கிறேனே என்று அவர் இரண்டாவது கட்டத்தில் போடுவார். இரண்டு பேர் போட்ட பிறகு சந்தேகப்படுவது அநாகரிகம் என்று இல்லத்தின் தலைவர் மூன்றாவதில் போடுவார். ஆக, ஒவ்வொருவரையும் மூன்று பேர் விசாரித்திருக்கிறோம். தொலைபேசிதான் தூசி படிந்து கிடந்தது.

இந்தக் கோப்புக்கெல்லாம் கிரீடம் வைத்தாற்போல எங்களிடம் ஒருவர் உண்டு. பாதுகாப்பு நிபுணர். மூன்று வருஷமாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து புதியவர்களுக்குச் சொற்பொழிவு ஆற்றுவார். அவர் பேச்சைக் கேட்டு நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. சும்மா சொல்லக் கூடாது, ஆழமான பேச்சு. "ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறீங்க பாருங்க, அங்கதான் ஆரம்பிக்குது" என்பார். "மேல மேல அடிச்சுட்டு இருக்காதீங்க. அடியைப் பார்த்து அடிங்க" என்பார். நாங்கள் எல்லாரும் குறித்துக்கொள்வோம். பேசி முடித்ததும் அவர் பாட்டுக்கு அறை அறையாகப் போய்க் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். எங்கள் இல்லத்தில் எந்த அறைக்குள்ளும் கேட்காமல் நுழையும் உரிமை இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒன்று நிபுணர். இன்னொன்று பூனை.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இல்லத்துக்கு ஒரு சோதனை வந்தது. கேட்டில் நின்று காலையில் குழந்தைகளை வாங்கிக்கொள்ளவும், சாயங்காலம் ஒப்படைக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்தவர் பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அம்மாள். அவர் ஓடிய ரூட்டை நிறுத்திவிட்டார்கள். கணவருக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் வேறு வருமானம் இல்லை. இந்த வேலை நிலைத்தாக வேண்டும் என்று நேர்முகத்திலேயே சொல்லிவிட்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் நிற்பதைப் போலவே, கதவு நிலையில் முதுகைச் சாய்த்துக் காலை அகட்டி நின்றார். குழந்தைகள் முதல் நாளே அவருக்கு 'டிக்கெட் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம்.

அறிமுகத்துக்கு உட்கார்ந்தோம். அதாவது நான் உட்கார்ந்தேன்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றேன்.

"படிச்சிட்டுப் போடறேன் சார்."

"எல்லாரும் அப்புறமா வீட்டுல போய்ப் படிச்சுக்குவாங்க."

"இருக்கட்டும் சார். நான் பொறுமையாப் படிக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

எனக்கு இருந்த வேலையே அதுதான். அவர் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, டிக்கெட் கட்டைப் புரட்டுவது போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். காலை ஒன்பதரைக்குத் தொடங்கியவர் மதியம் ஒரு மணிக்கு நாற்பத்து மூன்றாம் பக்கத்தை எட்டினார். எங்கள் இல்ல வரலாற்றில் அந்தக் கோப்பை முழுக்கப் படித்த முதல் மனிதர். ஆசிரியர் என்ற முறையில் எனக்குப் பெருமையாகவும், பொறுப்பாளர் என்ற முறையில் பயமாகவும் இருந்தது.

"ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று வழக்கப்படி கேட்டேன்.

"இருக்கு சார்" என்றார்.

இதற்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்குப் பழக்கமில்லை.

"ஆறாம் பக்கத்துல என்னைப் பத்தி விசாரிக்கணும்னு போட்டிருக்கு. விசாரிச்சிட்டீங்களா?"

"ஆச்சே. மூணு கையெழுத்தும் விழுந்தாச்சே."

"எங்க டெப்போ மேனேஜர் நம்பர் குடுத்திருந்தேன். காலையில அவர்கிட்ட கேட்டேன், யாரும் பேசலையேன்னாரு."

"உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதேம்மா, நல்ல மாதிரின்னு."

"முகத்தைப் பார்த்து டிக்கெட் குடுக்கறது இல்ல சார்" என்றார் அவர். "நான் யாரு, எப்படி, ஒண்ணும் கேக்காம அறுபத்து நாலு புள்ளைங்களை என் கையில குடுக்கறீங்களே. உங்களுக்குப் பயமா இல்லையா? எனக்கே பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அவரே எண்ணைச் சுழற்றி, தொலைபேசியைத் தன் முந்தானையால் துடைத்து, என் காதில் வைத்துவிட்டார். மறுமுனையில் டெப்போ மேனேஜர்.

"அவங்களா?" என்றார் மேனேஜர். ஒரு பெருமூச்சு கேட்டது. "என் பொண்டாட்டியவே பாதி வழியில இறக்கி விட்டவங்க சார். பாஸ் தேதி முடிஞ்சிருந்துச்சாம். என் பேரைச் சொல்லிப் பார்த்திருக்கா, நடக்கல. அன்னைக்கு வீட்டுல எனக்குச் சோறு இல்ல. தாராளமா எடுத்துக்கங்க. கண்ணை மூடிட்டு எடுத்துக்கங்க."

கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதான் எங்கள் வழக்கம் என்று அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை இயக்குநர் அம்மா, "அந்தக் குழந்தையைப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டிக்கெட் அக்காவிடம் பட்டாணியைக் காட்டினார். டிக்கெட் அக்கா அசையவில்லை.

"நான் புதுசு மேடம். முதல் மாசம் புது ஆளைக் குழந்தையோட தனியா விடக் கூடாதுன்னு பதினோராம் பக்கம். கூட யாரு வர்றாங்க?"

இயக்குநர் அம்மா என்னைப் பார்த்தார். பதினோராம் பக்கத்தை எழுதிய பாவத்துக்கு, நான் டீயை வைத்துவிட்டுப் பாத்ரூம் வாசலில் போய் நின்றேன். அந்த வாரத்தில் பதினான்கு முறை நின்றேன். பட்டாணிக்கு அது பெரிய விருந்து. "தாத்தா, எனக்கு மறுபடி வருது" என்று வராதபோதெல்லாம் கூப்பிட்டாள்.

அடுத்து பட்டியல். எந்தக் குழந்தையை யார் அழைத்துப் போகலாம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்ட பட்டியல் ஒன்று கேட்டில் இருக்க வேண்டும். பதினேழாம் பக்கம்.

"பட்டியல் எங்க சார்?"

"தயாரிப்புல இருக்கு."

"எவ்வளவு நாளா?"

"இல்லம் தொடங்கின நாள்ல இருந்து."

அவர் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு நீள நோட்டை எடுத்தார். காலையும் மாலையும் வருகிற பெற்றோரை ஒவ்வொருவராக நிறுத்தி, எழுதி, கையெழுத்து வாங்கினார். மூன்று நாளில் அறுபத்து நான்கு குழந்தைகளுக்கும் பட்டியல் தயார். இவ்வளவு பெரிய பணியை ஒரு குழு அமைக்காமல், ஒரு கூட்டம்கூடப் போடாமல் செய்து முடித்தது எங்கள் மரபுக்கு ஏற்பட்ட முதல் அவமதிப்பு.

இரண்டாவது அவமதிப்பு எனக்கே நடந்தது. அன்று சாயங்காலம் பட்டாணியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டப் போனேன். குறுக்கே ஒரு கை நீண்டது.

"பட்டியல்ல உங்க பேரு இல்ல சார்."

"என் பேத்திம்மா."

"தெரியும் சார். பட்டியல்ல அம்மா, அப்பா ரெண்டு பேருதான்."

"நான் இங்க வேலை பார்க்கறவன். இந்த விதியை எழுதினதே நான்தான்."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாமே" என்றார்.

மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "உங்களையே நிறுத்திட்டாங்களாப்பா? ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கு ஆபீஸ்ல நிம்மதியா உக்கார முடியுது" என்றாள். அவள் வந்து கூட்டிப் போகும் வரை தாத்தாவும் பேத்தியும் சறுக்கு மரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். நான் எவ்வளவு பெரிய நிறுவனத்தில் பணியாற்றுகிறேன் என்று அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. புதியவருக்கு நிபுணரின் சொற்பொழிவு. கூடவே, மூன்று வருஷச் சேவையைப் பாராட்டி நிபுணருக்குக் 'குழந்தைகளின் கவசம்' என்ற விருது. கூடத்தில் நாற்காலி போட்டு, ரிப்பன் கட்டி, கேடயத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம்.

முதலில் தலைவர் வந்தார். டிக்கெட் அக்கா அவரையும் நிறுத்தினார். கூடத்தில் மாட்டியிருந்த தலைவரின் படத்தை எட்டிப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"படத்துல முடி இருக்குங்கய்யா" என்றார். "வேற ஏதாவது அட்டை இருந்தாக் காட்டுங்க."

தலைவர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

அடுத்து நிபுணர். பத்து மணிக்கு மேடையில் இருக்க வேண்டியவர், பத்தே முக்காலுக்கும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் அம்மா என்னைப் பிடித்தார்.

"சார், என்ன நடக்குது அங்க? போய் அந்த அம்மாவை ஓரமா நிக்கச் சொல்லுங்க. தலைவர் சிரிச்சிட்டே இருக்காரு."

ஓடினேன். கம்பிக்கு இந்தப் பக்கம் டிக்கெட் அக்கா, அந்தப் பக்கம் நிபுணர், கையில் மிட்டாய்ப் பை.

"அம்மா, இவருதான் உங்களுக்குப் பயிற்சி குடுக்கப் போறவரு" என்றேன்.

"குடுக்கட்டும் சார். யாருன்னு சொல்லிட்டுக் குடுக்கட்டும்."

நிபுணர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மூணு வருஷமா வர்றேம்மா. இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

"எல்லாரும்னு ஒருத்தர் இல்லைங்களே. ஒரு பேரு சொல்லுங்க, நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒன்பதாம் பக்கம் சார். எத்தகைய பெருமைக்குரியவராயினும்னு போட்டிருக்கு. விதிவிலக்குக் கேக்கறவரை முதல்ல விசாரிக்கணும்னும் இருக்கு. யாரு எழுதினாங்களோ, அனுபவிச்சு எழுதியிருக்காங்க."

என் வாக்கியத்தை வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் மேற்கோள் காட்டுகிறார். மறுக்க மனம் வருமா? "ஒரு நிமிஷம், கோப்பைக் கொண்டுவரேன்" என்று திரும்பி ஓடினேன்.

நிபுணரின் கோப்பு இருந்தது. நல்ல கனம். தலைவர் முன்னால் விரித்து வைத்தேன். விசாரித்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து. பக்கத்தில் 'இயக்குநர் நன்கு அறிவார்'. சரிபார்த்தவர் கட்டத்தில் இயக்குநர் அம்மாவின் கையெழுத்து. பக்கத்தில் 'தலைவர் நன்கு அறிவார்'. ஒப்புதல் அளித்தவர் கட்டத்தில் தலைவரின் கையெழுத்து. பக்கத்தில் 'பொறுப்பாளர் நன்கு அறிவார்'. மற்றபடி வெள்ளைத் தாள்கள்.

"நீங்கதானே மேடம் இவரைக் கூப்பிட்டது?" என்று கேட்டேன்.

"நானா? ஐயாவுக்கு வேண்டியவர்னுல்ல நினைச்சேன். அதான் மதிய சாப்பாடு எல்லாம் ஸ்பெஷலாப் போட்டேன்."

தலைவர் சிரிப்பை நிறுத்தினார். "எனக்கு வேண்டியவரா? எனக்கு இவரு பேரே தெரியாது. நம்ம பொறுப்பாளர் சார்தான் பெரிய இடத்துல இருந்து பிடிச்சிட்டு வந்தாருன்னு நினைச்சேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மூன்று பேரும் கேட்டைப் பார்த்தோம்.

கேட்டுக்குப் போனோம். கம்பி வழியாக நானே மெல்ல ஆரம்பித்தேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க யாரு?"

மனிதர் மிட்டாய்ப் பையைக் கீழே வைத்தார். எத்தனையோ நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு நிம்மதி அவர் முகத்தில்.

"இதை மூணு வருஷம் முன்னாடி கேட்டிருக்கலாமே சார். நான் தீயணைப்பு சிலிண்டர் பாக்கறவன். உங்க சிலிண்டருக்கெல்லாம் தேதி முடிஞ்சிடுச்சு, மாத்திட்டு வான்னு கம்பெனியில அனுப்பினாங்க. கேட்ல நின்னு, சேஃப்டி ஆள் வந்திருக்கேன்னு சொன்னேன். ஒருத்தர் உள்ள இருந்து ஓடி வந்து, வாங்க வாங்க, எல்லாரும் காத்துட்டு இருக்காங்கன்னு கையைப் பிடிச்சு மேடையில ஏத்தி விட்டுட்டாரு."

ஓடி வந்த அந்த ஒருத்தர் யார் என்பது இந்தக் கதைக்கு அவசியம் இல்லை. அன்று பேச வேண்டியவர் வரவில்லை, கூடம் நிறைய ஆட்கள். அந்த நிலைமையில் பொறுப்புள்ள எவரும் ஓடித்தான் இருப்பார்கள்.

"நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார் இயக்குநர் அம்மா.

"சொன்னேனே மேடம். தீப்பிடிச்சா மேல அடிக்கக் கூடாது, அடியைப் பார்த்து அடிக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். எல்லாரும் எழுதிக்கிட்டீங்க. முடிச்சதும் கை தட்டினீங்க. சாப்பாடு போட்டீங்க. அடுத்த தடவை எப்ப வருவீங்கன்னு கேட்டீங்க."

"சிலிண்டரை மாத்தினீங்களா?" என்று கேட்டார் டிக்கெட் அக்கா. அவருக்கு மட்டும்தான் அது தோன்றியது.

"எங்க விட்டாங்கம்மா? ஒவ்வொரு தடவையும் மாத்தலாம்னுதான் வர்றேன். சால்வை போட்டு அனுப்பிடறாங்க."

உள்ளேயிருந்து குழந்தைகள், "மிட்டாய் மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் அக்கா அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இவரு நல்ல மனுஷனா இருக்கப்போய்ச் சரி சார்" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு எங்கள் கோப்பின் நாற்பத்து மூன்று பக்கத்தில் எங்குமே பதில் இல்லை. ஆகவே உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம்.

நெருக்கடியில்தான் ஒரு நிறுவனத்தின் தரம் தெரியும். எங்கள் தரம் அன்று தெரிந்தது. நிபுணரை என்ன செய்வது என்பதை இரண்டே நிமிடத்தில் தீர்த்துவிட்டோம். அவர் யார் என்று நேற்று வரை எங்களுக்குத் தெரியாது; இன்று கம்பி வழியாக மூன்று பேரும் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். எனவே அவர் இனிமேல் 'விசாரிக்கப்பட்டவர்'. கோப்பு முறைப்படுத்தப்பட்டது. கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டதால் விருதும் உறுதி செய்யப்பட்டது.

"ஐயா, நான் சிலிண்டர்காரன்யா" என்றார் அவர் பரிதாபமாக.

"அந்தத் தன்னடக்கம்தான் சார் உங்ககிட்ட எங்களுக்குப் பிடிச்சது" என்றார் தலைவர்.

பாக்கி இருந்தது டிக்கெட் அக்கா விவகாரம்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்று இயக்குநர் அம்மா என்னிடம் தொடங்கினார். "அவங்க பயிற்சி முடிஞ்சதா?"

"இல்ல மேடம். பயிற்சி குடுக்கறவரைத்தான் உள்ளயே விடலையே."

"நாற்பத்து மூணாம் பக்கத்துல அவரு கையெழுத்து இல்ல?"

"இல்ல."

"பயிற்சி முடிக்காதவங்களைக் குழந்தைங்க பக்கத்துல விடலாமா?"

"கூடாது மேடம். பன்னிரண்டாம் பக்கம்."

"அப்புறம் என்ன சார் யோசிக்கறீங்க?" என்றார் தலைவர். இப்போது உண்மையிலேயே சிரித்தார். "நம்ம விருப்பு வெறுப்புக்கு இதுல இடமே இல்ல. குழந்தைங்க பாதுகாப்புதான் முக்கியம்."

அந்நியரை உள்ளே விடக் கூடாது என்ற பயிற்சியைப் பெறாத காரணத்தால், அந்நியரை உள்ளே விடாத ஒருவர், அன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். கடிதத்தை நான்தான் தயாரித்தேன். அதிலும் மூன்று கட்டங்கள். விசாரித்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று உதறிப் பார்த்தேன். மை இருந்தது. எங்கள் இல்லத்தில் உண்மையாகவே தொலைபேசியில் பேசி விசாரிக்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான். நீக்கப்பட்ட ஒரே ஆளும் அவர்தான். கையெழுத்துப் போட்டேன். பதினொரு நிமிடம்.

டிக்கெட் அக்கா கடிதத்தையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். கணவரின் மருந்துச் சீட்டு வைத்திருந்த அதே பைக்குள் மடித்து வைத்தார். பிறகு நீள நோட்டை எடுத்தார்.

"அறுபத்து நாலு பேருக்கும் இருக்கு சார், யாரு வந்தா குடுக்கலாம்னு. யார்கிட்ட ஒப்படைக்கணும்?"

"என்கிட்ட குடுங்க."

"உங்க பேரைச் சேர்த்துட்டேன். நேத்து உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டாங்க. இனிமே நீங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போகலாம்."

பட்டாணி எங்கிருந்தோ உருண்டு வந்து அவர் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "டிக்கெட் அக்கா எங்க இறங்கறாங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"அடுத்த ஸ்டாப்புல கண்ணு" என்றார் டிக்கெட் அக்கா. போகும்போது கேட்டைச் சாத்தி, கொக்கி சரியாக விழுந்ததா என்று வெளியிலிருந்து ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து எங்கள் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் குரல், அவசரமில்லாத குரல். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் இன்னொரு பகல் இல்லத்திலிருந்து.

"உங்ககிட்ட கேட்டுக்கு இருந்தாங்களே ஓர் அம்மா, அவங்களைப் பத்தி விசாரிக்கணும் சார். ஒரு கால் மணி நேரம் பேசலாமா?"

"விசாரிக்கவா? அவங்களை நேர்ல பார்க்கலையா நீங்க?"

"பார்த்தோம் சார். இருந்தாலும் கேக்கணும் இல்லையா? ஏன் வேலையை விட்டு நிறுத்தினீங்க?"

கடிதத்தில் எழுதியதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்துவிட்டது.

"பார்க்கறவங்களை எல்லாம் நிறுத்தி யாருன்னு கேட்டாங்கம்மா. எங்க தலைவரை நிறுத்தினாங்க. பயிற்சி குடுக்க வந்தவரை நிறுத்தினாங்க. என் சொந்தப் பேத்தியை என்கிட்டயே குடுக்கல."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "இது எல்லாம் உண்மைதானே சார்?"

"கூட்டிச் சொல்லல. குறைச்சுத்தான் சொல்றேன்."

"ரொம்ப நன்றி. நாளைக்கே வரச் சொல்லிடறோம்" என்றார் அந்தப் பெண். வைக்கப் போனவர் சற்றுத் தயங்கினார். "சார், ஒண்ணு கேக்கலாமா? அவங்க போனதுக்கு அப்புறம் உங்க கேட்ல இப்ப யாரு இருக்காங்க?"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கேட் திறந்திருந்தது. ஸ்டூல் காலியாக இருந்தது. யாரோ ஒருவர் உள்ளே வந்து, சறுக்கு மரத்துக்குப் பக்கத்தில் நின்று, குழந்தைகளைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். யாருக்கோ அப்பாவாக இருக்கலாம். இயக்குநர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

தொலைபேசியை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன். மூன்று வருஷம் முன்னால் ஓடியதற்குப் பிறகு நான் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. அவர் மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவர். கேட்டதும் அட்டையைக் காட்டினார். இவரும் நல்ல மனிதர்தான்.

இன்றும் எங்கள் இல்லம் தலைநிமிர்ந்து நிற்கிறது. அதன் சார்பாக இந்த நேரத்தில் பெற்றோர் அனைவருக்கும் ஒன்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் கோப்பு இப்போது ஐம்பத்தொரு பக்கம். பேனாவை நூலில் கட்டி வைத்துவிட்டதால் அறிமுகம் எட்டு நிமிடத்தில் முடிகிறது. கேட்டுக்குப் புது ஆள் எடுத்திருக்கிறோம். அவரை மூன்று பேர் விசாரித்திருக்கிறோம். நிபுணர் தவறாமல் வருகிறார். இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு கிடையாது. உங்கள் குழந்தையைச் சேர்க்க நினைத்தால் தாமதிக்க வேண்டாம், இப்போது ஒரே ஓர் இடம்தான் காலியாக இருக்கிறது. நடு அறையில், ஜன்னலோரம், மூன்றாவது குட்டி நாற்காலி. போன திங்கட்கிழமை ஊரின் அந்தக் கோடி இல்லத்துக்கு மாறும் வரை என் பேத்தி உட்கார்ந்திருந்த இடம்.